தோழி டீக்குக் கூப்பிடுகிறாள்

கம்பி கட்டும் மாதேசன் மேலிருந்து விழுந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வாசல் மின்பலகைக்கு அது தெரியவே இல்லை. ‘விபத்தில்லாத நாட்கள்: 611’ என்று பச்சை எழுத்தில் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

பூங்கோதை அதைப் பார்த்தபடியே நின்றாள். மேகதாரா நிறுவனம் பழைய மகாபலிபுரம் சாலையில் எழுப்பிக்கொண்டிருந்த நாற்பது மாடிக் கட்டடத்துக்கு அவள்தான் பாதுகாப்பு அதிகாரி. ஆம்புலன்ஸ் அவசரமில்லாமல் கிளம்பிப் போய்விட்டது. சைரன்கூடப் போடவில்லை.

அவள் கையில் இருந்த டேப்லெட் அறிக்கையைத் தானே எழுதி முடித்து, கையெழுத்துக்கு ஒரு கோடு மட்டும் விட்டு வைத்திருந்தது.

‘பணியாளர் எண் 418. சம்பவ நேரத்தில் ஓய்வில் இருந்தவர். ஓய்வு நேரத்தில் அனுமதியின்றிப் பணிப்பகுதியில் நின்றது அவரது சொந்த அலட்சியம். இது பணியிட விபத்து ஆகாது.’

நாலே வாக்கியம். ஒரு மனிதனைக் கழுவித் துடைக்க அது போதும்.

இதே நாலு வாக்கியத்தின் கீழே பூங்கோதை இதுவரை பதின்மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு மரணம், மீதி கையும் காலும் முதுகுத்தண்டும். ஒவ்வொரு முறையும் ‘ஓய்வு கொடுத்தால் எடுக்க வேண்டியதுதானே, ஏன் அங்கேயே நிற்கிறார்கள்’ என்று எரிச்சல்பட்டிருக்கிறாள். காலைக் கூட்டத்தில் மைக் பிடித்துத் திட்டியும் இருக்கிறாள்.

எல்லாம் அந்த ஹெல்மெட்டை நம்பித்தான். அதன் பெயர் தோழன். அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவர் தலையிலும் மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. நாடித்துடிப்பு, வியர்வை, நடையில் வரும் தள்ளாட்டம் எல்லாவற்றையும் படித்தது. சாரத்திலும், தளத்தைத் தாங்கும் முட்டுகளிலும் பதித்திருந்த உணரிகளோடு ஓயாமல் பேசிக்கொண்டது. ஆள் களைத்துவிட்டால் காதோரம் ஒரு பெண்குரல் தேனாக ஒழுகும்: "இப்போது உங்கள் ஓய்வு நேரம்." தமிழனுக்குத் தமிழில், ஒடிசாக்காரனுக்கு ஒடியாவில். அந்தக் குரலுக்கு ஆட்கள் தோழி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மணல் மேட்டின் ஓரத்தில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சித்தாள் வேலைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறது. மாதேசனின் சாப்பாட்டுத் தூக்கு அவள் மடியில் இருந்தது.

"அவனுக்கு டீ வந்துட்டும்மா" என்றாள்.

"ஓய்வு வந்துச்சுன்னு ரிப்போர்ட்லயும் இருக்குக்கா. வந்தா இறங்க வேண்டியதுதானே?"

இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பூங்கோதைக்கு முதுகு கூசியது.

"நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? நீங்களும் அவுக கூட்டுன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

"என்ன தெரியாது?"

"தோழி டீக்குக் கூப்பிட்டா ஆளு போயிருவான். சைட்டு பூரா தெரியும். நீங்க நம்ம ஒடிசாக்கார ரஞ்சன்ட்ட கேட்டுப் பாருங்க, அவனும் டீன்னுதான் சொல்லுவான். சாய்னு சொல்ல மாட்டான். அவன் கூட்டாளி காலு போனன்னைக்கு டீ வந்துது. கொத்தனார் சவரிமுத்துக்கு டீ வந்த ஆறாவது நிமிசம் கண்ணு போச்சு. எல்லாருக்கும் எல்லா நேரமும் நடக்காது. மூணு டீ வந்தா ஒண்ணு பலிக்கும். யாரும் இப்பம் நெசமான டீயைக்கூட டீன்னு சொல்லுததில்ல. குடிக்கிறதுன்னுதான் சொல்லுதோம்."

"அப்படின்னா ஏன் இறங்கலை?"

"மாதேசன் கையில பன்னெண்டு மீட்டர் கம்பி. அந்தப் பக்க நுனி ரஞ்சன் கையில. இவன் விட்டான்னா அவனை இழுத்துட்டுப் போயிரும். ‘டீ வந்துட்டு, இந்த ஒரு கம்பியக் கட்டிட்டு எறங்குதேன்’னான். கட்டி முடிச்சான். எறங்கத்தான் நேரமில்ல." இசக்கி தூக்கின் மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். "சும்மா எறங்குனவனும் உண்டும்மா. மறுநாள் அவனை வாசல்லயே நிறுத்திட்டாவ. நம்பர் செல்லாதுன்னு கேட்டே தெறக்கல."

பூங்கோதை அன்று கையெழுத்துப் போடவில்லை. நேராக ஹெல்மெட் கிடங்குக்குப் போனாள்.

தோழனை விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் நவ்ஃபல் அங்கே ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் 418 என்று எழுதியிருந்தது.

"அடுத்த ஆளுக்கா?"

"நாளைக்குப் புது பேட்ச் வருது, மேடம்."

"நவ்ஃபல், ஒரே ஒரு கேள்வி. ஓய்வுன்னு ஒரு குரல் வருதே, அது களைப்பை வச்சா வருது?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"மேல்விஷாரத்துல எங்கம்மா ஐந்து வேளையும் தொழறவங்க, மேடம். நான் பொய் சொன்னா முகத்துலயே தெரிஞ்சிடும்னு சொல்லுவாங்க."

"அப்ப பொய் சொல்லாதே."

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"தோழனுக்குக் களைப்பெல்லாம் முக்கியம் இல்லை. அது விபத்தை முன்கூட்டியே பார்க்கும். ஆள் கால் எப்படி வைக்கறான், பலகை எப்படி வளையுது, முட்டு எவ்வளவு பாரம் வாங்குது எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷத்துக்குள்ள இங்க ஏதோ நடக்கப் போகுதுன்னு சொல்லும். அதுக்காகத்தான் செஞ்சோம். முதல்ல வச்ச வாசகமே வேற. ‘ஆபத்து, உடனே விலகு.’"

"அது எங்கே போச்சு?"

"ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துச்சு. கத்தின இடத்துல வேலை நின்னுச்சு. ஒரே மாசத்துல ரெண்டு தளம் பின்தங்கிடுச்சு. இங்கேருந்து எங்க கம்பெனிக்கு ஒரு கோரிக்கை வந்தது. எச்சரிக்கையை எடுத்துடுங்க. அது வர வேண்டிய இடத்துல, அதே நேரத்துல, ஓய்வு போடுங்க. ஓய்வு ஆரம்பிச்ச நொடியிலிருந்து அந்த ஆள் வேலையில் இல்லைன்னு பதிவாகணும்."

பூங்கோதைக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. விழப் போகிறவனைப் பிடிக்கக் கை நீட்டவில்லை. விழுவதற்கு முன்பே வேலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் விழுகிறவன் யாரோ.

"அந்த நாலு வாக்கியம்?"

"ரகுநந்தன் சார் எழுதிக் கொடுத்தது. புராஜெக்ட் டைரக்டர் எழுதினா வேற யாரு மாத்துவா?"

"எப்ப மாத்தினீங்க?"

நவ்ஃபல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அறுநூத்திப் பதினோரு நாள் ஆச்சு, மேடம்."

பூங்கோதை ஹெல்மெட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அவனை அதாலேயே அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை. பதின்மூன்று கையெழுத்துப் போட்ட கை அது.

"இதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?"

"‘பணியாளர் நல ஓய்வுத் திட்டம்’னு இருக்கு. எங்க கொண்டுபோனாலும் நல்ல காரியமாத்தான் தெரியும். வேலைக்குச் சேர்றப்ப எல்லாரும் ரேகை வச்ச பேப்பர்லயும் இருக்கு, ஓய்வு நேரத்துல நின்னா அவங்கவங்க பொறுப்புன்னு. சாருக்குத் தெரிஞ்சே செஞ்சாருன்னு நிரூபிக்கணும்னா அவர் மனசைத்தான் திறந்து காட்டணும்."

அடுத்த நாள் காலை அவள் ரகுநந்தனின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கத்துகிற ஆள் இல்லை. அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார்.

"இன்னும் கையெழுத்து வரலையே, பூங்கோதை?"

"ரெண்டு விஷயம் சார். வெள்ளிக்கிழமை நாற்பதாவது தளம் கான்கிரீட். கடைசித் தளம். முப்பத்தோரு பேர் மேல நிப்பாங்க. முப்பத்தொன்பதாவது தளத்துக்குக் கீழ இருந்த முட்டெல்லாம் ஏழாம் நாளே பிடுங்கிட்டீங்க. பதினாலு நாள் நிக்கணும். அந்தத் தளம் இன்னும் பச்சை, முழுசா இறுகலை. அது மேல முட்டுக் கொடுத்து இன்னொரு தளம் ஊத்தப் போறீங்க."

"தோழன் எதுவும் சொல்லலையே. எல்லா உணரியும் பச்சைலதான் இருக்கு."

"பாரம் ஏறினதுக்கு அப்புறம்தான் அது சொல்லும். சொல்றப்பவும் ஓய்வுன்னு சொல்லும். அதுதான் ரெண்டாவது விஷயம். வெள்ளிக்கிழமைக்குள்ள அதைப் பழையபடி எச்சரிக்கையா மாத்துங்க."

ரகுநந்தன் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"அது வெறும் ஓய்வும்மா. மனுஷங்களுக்கு ஓய்வு கொடுக்கறது தப்பா? எந்த சைட்ல பார்த்திருக்கீங்க இப்படி? நீங்க டென்ஷன்ல இருக்கீங்க. நாலு நாள் லீவு எடுத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை பாதுகாப்பு விருதுக் குழு வருது, அதுக்கு மட்டும் வந்துடுங்க. மேடையில உங்க பெயரையும் சொல்றேன்."

ஜூஸ் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. பூங்கோதை அதைத் தொடவில்லை.

புகார் கொடுக்கலாம். விசாரிக்க வருவார்கள், ‘நல ஓய்வு’ என்ற பேப்பரைப் புரட்டுவார்கள், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஆட்களிடம் மேலே போகாதீர்கள் என்று சொல்லலாம். அதையும் இசக்கியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நாங்க போகாட்டா வேற முப்பத்தோரு பேரை ஏத்துவாவ" என்றாள் இசக்கி. "அவங்களுக்கு டீன்னா என்னன்னுகூடத் தெரியாது. நாங்க போனா காதையாவது தீட்டி வச்சிருப்போம்."

"காதுல விழுந்ததும் இறங்கிடுவீங்களா?"

"தளம் போடுதப்ப எவன் எறங்குவான்? கான்கிரீட்டு ஆரம்பிச்சா முடிக்கணும். பாதியில விட்டா ஒட்டு விழும், காலத்துக்கும் ஒழுகும். எங்க அப்பன் காலத்துலருந்து கைவிட்டுப் பழக்கமில்ல. டீ வந்தா நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்ப்போம். முதல்ல எறங்குதவன் எவன்னு பார்ப்போம். ஒருத்தனும் எறங்க மாட்டான். அதுதான் எங்க கேடு."

முதலில் இறங்குகிறவன் எவன்? அந்தக் கேள்வியைப் பூங்கோதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சோறு பிசையும்போதும் அது கூடவே இருந்தது.

மறுநாள் அவள் ரகுநந்தனுக்கு மிகப் பணிவாக ஒரு செய்தி அனுப்பினாள். விருதுக் குழுவுக்கு முன்னால் டைரக்டரே தொழிலாளர் ஹெல்மெட் அணிந்து நின்றால் படம் பிரமாதமாக இருக்கும் என்று. எப்போதும் வெள்ளை ஹெல்மெட்தான் அவருக்கு, உணரியும் கிடையாது, குரலும் கிடையாது. பதில் இரண்டே நிமிடத்தில் வந்தது: ‘நல்ல யோசனை.’

அவளுக்கு ஓர் அதிகாரம் இருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு ஹெல்மெட்டின் ஒலிபெருக்கியையும் சோதிக்க வேண்டும். டேப்லெட்டில் எண்ணைத் தேர்ந்தெடுத்து எந்த வாசகத்தையும் அனுப்பிப் பார்க்கலாம். ‘வணக்கம்’ என்பதைத்தான் எப்போதும் அனுப்புவாள். வெள்ளிக்கிழமை வேறு வாசகம் அனுப்ப முடிவு செய்தாள். வெறும் ஓய்வென்றால் அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். இல்லையென்றால் அவர் மனசு எல்லோர் முன்னாலும் திறந்து கிடக்கும். ஆட்களும் பார்ப்பார்கள். பார்த்த பிறகு கீழே கூட்டிவருவது சுலபம்.

வெள்ளிக்கிழமை வெயில் பத்து மணிக்கே நாற்பதாவது மாடியைப் பொரித்தது. பலகை 614 என்று காட்டியது. கம்பி வலையின் மேல் கற்பூரம் கொளுத்தி எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்கள். பம்ப்பின் குழாய் ஒரு முறை உதறிவிட்டுக் கான்கிரீட்டைக் கக்கத் தொடங்கியது. குழாயின் வாயை ரஞ்சன் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தான். இசக்கியும் மற்ற பெண்களும் குழாய் எட்டாத மூலைகளுக்கு மண்வெட்டியால் தள்ளினார்கள்.

பதினொரு மணிக்கு ரகுநந்தன் விருந்தினர்களோடு வந்தார். விருதுக் குழுத் தலைவர் வாசுதேவன் ஓய்வுபெற்ற பொறியாளர், எழுபது வயது. பூங்கோதை மஞ்சள் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். ரகுநந்தன் அதை மாட்டி, கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டார். உள்ளே இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்கு 418 ஓர் எண்தான்.

"எங்க சைட்ல இவங்க எல்லாரும் என் குடும்பம் சார்" என்று சொல்லி இசக்கியின் பக்கத்தில் போய் நின்றார். "என்னம்மா, சௌக்கியமா?"

"இன்னும் இருக்கோம்யா" என்றாள் இசக்கி.

வாசுதேவன் சிரித்துவிட்டார். போட்டோகிராபர் எல்லோரையும் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னான். தளத்தில் பாதிக்கு மேல் கான்கிரீட் நிரம்பியிருந்தது. பூங்கோதை டேப்லெட்டைத் திறந்து எண்ணைத் தேர்ந்தெடுத்தாள், வாசகத்தைத் தேர்ந்தெடுத்தாள். ‘அனுப்பவா?’ என்று திரை கேட்டது. விரல் அதன் மேல் நின்றது.

"இப்போது உங்கள் ஓய்வு நேரம்."

ரகுநந்தனின் காதோரத்தில் தேனாக வந்தது குரல். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் செத்துப்போனது. பிறகு பட்டியைப் பிய்த்தார். ஹெல்மெட்டைக் கான்கிரீட்டில் எறிந்தார். குறுக்கே நின்ற வாசுதேவனை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, கணுக்கால் மூடும் வரை ஈரக் கான்கிரீட்டில் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்து, படிக்கட்டை நோக்கி ஓடினார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "வழி." அவ்வளவுதான். யாரையும் இறங்கு என்று சொல்லவில்லை.

அதற்குள் இசக்கியின் ஹெல்மெட்டிலும் தோழி பேசினாள். பிறகு ரஞ்சனுடையதில், ஒடியாவில். பிறகு இன்னொன்று, இன்னொன்று. மழைக்குப் பிறகு தவளைகள் ஒவ்வொன்றாய்த் தொடங்குவது போல முப்பத்தோரு தலைகளிலும் அந்தக் குரல் பரவியது.

பூங்கோதை குனிந்து டேப்லெட்டைப் பார்த்தாள்.

‘அனுப்பவா?’ என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அழுத்தவே இல்லை.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. இசக்கி சொன்னது போலவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குழாய் கக்கிக்கொண்டே இருந்தது.  கத்த வேண்டிய பூங்கோதை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இசக்கி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஏளா, அவனே ஓடுதான். அவனுக்குத் தெரியாத டீயா? எறங்குங்க எல்லாரும்."

இசக்கியின் இருபது வருடத்தில் முதல் முறையாகக் கான்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு அந்தக் கூட்டம் நகர்ந்தது. முட்டிமோதவில்லை. லிஃப்ட் சுவரை ஒட்டிய படிக்கட்டு கெட்டியானது என்று பூங்கோதை கை காட்ட, வரிசையாக இறங்கினார்கள். வாசுதேவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டார்கள். ரஞ்சன் மட்டும் குழாயை விடவில்லை. கைவிட்டால் குழாய் துள்ளி யாரையாவது அடிக்கும் என்று அணைத்துக்கொண்டு நின்றான். பூங்கோதை வாக்கி டாக்கியில் கீழே பம்ப்பை நிறுத்தச் சொன்னாள். குழாய் அடங்கியதும் இசக்கி திரும்ப வந்து அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துப்போனாள். "வாடா கூறுகெட்டவனே. கம்பியப் பிடிச்சவன் போனது பத்தாதா?"

முப்பத்தோரு பேரில் கீழ்த் தளத்தில் முட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த இருவரையும் வழியில் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்தைந்தாவது மாடிப் படியில் பூங்கோதை மஞ்சள் ஹெல்மெட் தலைகளை எண்ணினாள். முப்பத்தொன்று. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று.

அப்போதுதான் மேலே ஏதோ முனகியது. ஒரு முட்டு வளையும் சத்தம். பிறகு வரிசையாக, விரல் சொடுக்குவது போல. அதற்கப்புறம் நாற்பதாவது தளம் முப்பத்தொன்பதில் விழுந்து, இரண்டும் முப்பத்தெட்டில் விழுந்து நின்றன. படிக்கட்டு ஒரு முறை குலுங்கியது. சாம்பல் நிறப் புழுதி இறங்கி எல்லோரையும் ஒரே ஆளாக ஆக்கியது.

யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும் "ஒட்டு விழும்னு பயந்தோமே" என்று சொல்ல, இருமலுக்கு நடுவே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முப்பத்திரண்டாவது மாடித் திருப்பத்தில் ரகுநந்தன் கிடந்தார். கான்கிரீட் ஒட்டிய ஷூ வழுக்கிப் படியில் உருண்டிருந்தார். வலது கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவரையும் இவர்கள்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரஞ்சன் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டான்.

கீழே முதலுதவி அறையில் பலகை வைத்துக் காலைக் கட்டியபோது அவர் செல்போன் அடித்தது. தலைமை அலுவலகம். அவர் படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார்.

"ரகு, ரிப்போர்ட் வந்துடுச்சு" என்றது ஒரு குரல். "சம்பவ நேரத்துல நீங்க ஓய்வுல இருந்ததா இருக்கு. நம்ம லீகல் என்ன சொல்றாங்கன்னா, அப்ப நடந்தது உங்க சொந்தப் பொறுப்புலதான். தளம் விழுந்ததுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நேரத்துல சைட்ல யாரும் வேலையிலேயே இல்லை, எல்லாரும் ஓய்வு. அந்தப்படியே போயிடலாம்."

"நான் ஓய்வுல இல்லை. நான் வேலையில் இருந்தேன்."

"சிஸ்டம் அப்படிச் சொல்லலையே, ரகு." போன் வைக்கப்பட்டது.

பூங்கோதையின் டேப்லெட் தன் அறிக்கையை எழுதி முடித்திருந்தது. அவள் அதை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

‘பணியாளர் எண் 418. சம்பவ நேரத்தில் ஓய்வில் இருந்தவர்.’

"இது பொய்" என்றார் ரகுநந்தன். உதடு வெளுத்திருந்தது. "பூங்கோதை, கையெழுத்துப் போடாதீங்க. இது பொய்னு உங்களுக்குத் தெரியும்."

"வெறும் ஓய்வுதானே சார்? நீங்கதானே சொன்னீங்க."

சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாசுதேவன் கண்ணாடியிலிருந்து புழுதியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "எனக்கும் அதுதான் புரியலை. ஓய்வுன்னு ஒரு குரல் கேட்டதும் ஒரு மனுஷன் எதுக்காக என்னைத் தள்ளிவிட்டுட்டு ஓடறான்?"

ரகுநந்தன் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். வாசலில் நவ்ஃபல் வந்து நின்றிருந்தான். வாசலை அடைத்துக்கொண்டு முப்பத்தோரு சாம்பல் முகங்களும் நின்றன.

பூங்கோதை மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"இது எப்படிப் பொய்னு எழுதுங்க. யார் சொல்லி, என்னைக்கு மாத்தினதுன்னு எழுதுங்க. உங்களுக்கு மட்டும் பொய்னு எழுத முடியாது. ஒரே வாக்கியம். பொய்னா மாதேசனையும் உங்களையும் சேர்த்துப் பதினஞ்சு பேருக்கும் பொய். நிஜம்னா உங்களுக்கும் நிஜம். நான் பதின்மூணு தடவை அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். நானும் எழுதித் தரேன்."

அவர் கூரையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.

அவள் வெளியே வந்தபோது வாசல் பலகை 614 என்றே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தளம் விழுந்த கட்டடத்துக்குக் கீழே, பச்சையாக, வெட்கமில்லாமல்.

இசக்கி ஒரு சட்டி நிறையக் கலவையும் கொத்தனார் கரணையும் எடுத்து வந்தாள். ஸ்டூலில் ஏறினாள். ஒரு அடி, இன்னொரு அடி என்று கலவையைப் பலகையின் முகத்தில் அடித்து, கொத்தனாருக்குச் சளைக்காத கையால் இழுத்து மட்டம் செய்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"அறுநூறு நாளா அவுக பூசி மெழுகுனாவல்லா. ஒரு நாளு நாங்க பூசுனா கொறஞ்சா போயிரும்?"

முழுக்கப் பூசிய பிறகு கரணையின் நுனியால் ஈரத்தில் மெதுவாக ஒரு வட்டம் கீறினாள். பூஜ்யம். கொஞ்சம் கோணலாக வந்தது. அதன் கீழே மாதேசன் என்று எழுதச் சொல்லிக் கரணையை ரஞ்சனிடம் கொடுத்தாள், அவளுக்கு எழுத்து வராது. அவனுக்குத் தமிழ் எழுத வராது. ஒடியாவில் எழுதினான்.

அப்போது ரோட்டோரத்தில் மணி அடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின்னால் பெரிய கேன். புதிதாக வந்த வியாபாரி, இந்த சைட்டைப் பற்றி எதுவும் அறியாதவன். உற்சாகமாகக் குரல் கொடுத்தான்:

"டீ வந்துடுச்சு."

முப்பத்தோரு பேரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

ஒன்றும் விழவில்லை. வெயில் மட்டும் இருந்தது. டீக்காரன் பயந்துபோய் அவனும் மேலே பார்த்தான்.

முதலில் சிரித்தது இசக்கிதான். ஸ்டூலை விட்டு இறங்கி, கலவைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் நடந்தாள்.

"ஊத்துய்யா" என்றாள். "முப்பத்தி ரெண்டு ஊத்து. சேஃப்டியம்மாவும் குடிப்பாவ."